இருபத்தைந்து கட்டங்களும் ஐந்து நாவல்களும்

படிக்கும் பழக்கம் குன்றி வருகின்றது என்னும் குறையை நாம் நெடுநாளாகக் கேட்டு வருகின்றோம். மாணவர் படிப்பதில்லை என்று ஆசிரியர் கூறுவர்; ஆசிரியர் படிப்பதில்லை என்று எழுத்தாளர் கூறுவர்; நல்ல நூல்கள் வருவதில்லை என்று இருவரும் சேர்ந்து கூறுவர். இக்குறையைப் போக்கப் பல வழிகள் தேடப்பட்டுள்ளன. அவற்றுள் விளையாட்டு வழியும் ஒன்று. அவ்வழியில் நானும் ஓராண்டு நடந்து பார்த்தேன். அப்போது படித்த ஐந்து நாவல்களைப் பற்றியும், அவை என் படிக்கும் முறையைக் குறித்து எனக்கு உணர்த்தியவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் ஆசிரியர் அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் அண்மையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர். தாளில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகள். ஆக, 25 கட்டங்கள். பிங்கோ விளையாட்டை அறியாதார் நம் நாட்டில் இலர். எண்ணைக் கூவுவர், கையிலுள்ள அட்டையில் அவ்வெண் இருப்பின் குறியிடுவர், ஒரு வரிசை நிரம்பியவர் வென்றவர் ஆவார். இத்தாளிலோ எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நூலின் இயல்பு குறிக்கப்பட்டிருந்தது. பெண் ஒருவர் எழுதிய நாவல், கடலைப் பற்றிய நாவல், நூறு பக்கத்திற்கு உட்பட்ட நாவல் என்றாற்போல அவை அமைந்திருந்தன. அவ்வியல்புக்குப் பொருந்தும் நூலொன்றைப் படித்து முடித்தால் அக்கட்டத்தில் குறியிடலாம்.

நான் நடு வரிசையைத் தேர்ந்துகொண்டேன். அதற்கு இலக்கியக் காரணம் ஏதும் இல்லை. நட்ட நடுவிலுள்ள கட்டத்தில் 'உங்கள் விருப்பம்' என்று எழுதியிருந்தது. அவ்வரிசையை எடுத்தால் நான்கு நூல்களுக்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும் என்று கணக்கிட்டேன். தலைமையாசிரியரின் கணக்கு அது! மற்ற நான்கு கட்டங்களும் இவை: நூறாண்டுக்கு முற்பட்ட நாவல், நம் நாட்டின் பிறிதொரு மொழியில் எழுதப்பட்ட நாவல், வளரும் பிள்ளை ஒருவர் தம் வாழ்வைத் தாமே கூறும் நாவல், முன்பு படிக்கத் தொடங்கிக் கைவிட்ட நாவல்.

விருப்பக் கட்டத்தை அன்றே நிரப்பிவிட்டேன். டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' என்று எழுதிக் குறியிட்டேன். பல முறை படித்த நூலாதலின் மீண்டும் படிக்க வேண்டுவதில்லை என்று கருதினேன். இக்குறியைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

கமலாம்பாளும் தமிழாசிரியரும்

நூறாண்டுக்கு முற்பட்ட நாவலாக நான் தேர்ந்தது பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் இந்நூலின் பெயரைக் கூறுவர். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது என்றும், 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்த 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-இல் நூலுருப் பெற்றது என்றும் நானும் பலமுறை கரும்பலகையில் எழுதியுள்ளேன். ஆண்டுகளை அறிந்திருந்தேனே அன்றி நூலை அறிந்திலேன். இதனை ஒப்புக்கொள்ள நாணுகின்றேன். ஆயினும் இக்கட்டுரையைப் படிப்போருள் சிலரேனும் என்னுடன் சேர்ந்து நாணுவர் என்று நம்புகின்றேன்.

1872-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர் ராஜம் ஐயர். இருபத்தாறு வயதை எட்டுமுன் அவர் எழுதிய கதை இது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் செல்வாக்குடன் வாழும் முத்துசாமி ஐயர், அவருடைய மனைவி கமலாம்பாள், அவர்களைச் சூழ்ந்த குடும்பப் பூசல், ஊர்ப் பெண்டிரின் வம்புப் பேச்சு ஆகியவற்றை முற்பகுதி காட்டுகின்றது. வீண்பழி ஒன்று கணவன் மனத்தில் ஐயத்தை விதைக்கின்றது, செல்வம் அழிகின்றது, அவர் இல்லம் துறந்து ஞானம் தேடிச் செல்கின்றார். பிற்பகுதி வேதாந்த நெறியை விளக்கும் நோக்கில் நடக்கின்றது. முற்பகுதியில் மனிதர் பேசுகின்றனர்; பிற்பகுதியில் ஆசிரியர் பேசுகின்றார். திறனாய்வாளர் பலரும் சுட்டிய இக்குறை உண்மையான குறையே என்று படித்த பின் நானும் உணர்ந்தேன்.

ஆயினும் என்னை நிறுத்தி வைத்தது பிறிதொன்று. இக்கதையில் அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியர் ஒருவர் வருகின்றார். பழஞ்செய்யுள்களில் தோய்ந்தவர்; உலகியலில் குழந்தை போன்றவர். அவருடைய வகுப்பில் மாணவர் செய்யும் குறும்பையும், அவர் தம் புலமையைத் தாமே சுவைத்து மகிழும் பாங்கையும் படிக்கையில் நான் உரக்கச் சிரித்தேன். சிரித்த பிறகே, யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்பது விளங்கிற்று. ஆசிரியரைப் பற்றி ஆசிரியர் எழுதிய கதைகளையே நான் மிகுதியாகப் படித்திருந்தேன். அவற்றில் ஆசிரியர் விளக்காகவும் ஏணியாகவும் தோன்றுவார். இங்கோ ஆசிரியர் மாணவரின் இருக்கையிலிருந்து பார்க்கப்படுகின்றார். ராஜம் ஐயர் அவரை எள்ளுகின்றாரே ஒழிய இகழவில்லை. வெறுப்பின்றி நகைக்கும் இவ்வாற்றல் தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை ஆண்டுகளின் பட்டியல் எனக்குக் கூறியதில்லை.

நிரப்ப இயலாத கட்டம்

இரண்டாவது கட்டத்திற்கு ஷானோன் அகமதுவின் 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' என்னும் மலாய் நாவலைப் படித்தேன். வழி நெடுகிலும் முள் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். 1966-இல் வெளிவந்த நூல். கெடா மாநிலத்தின் சீக் வட்டாரத்தில் பிறந்த ஷானோன் அகமது 1982-இல் தேசிய இலக்கியவாணர் விருது பெற்றவர், 2017-இல் மறைந்தார். இந்நாவலை அடிபா அமீன் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இதனைத் தழுவி 1994-இல் திரைப்படம் எடுத்தார். உலகம் அறிந்த இந்நூல் என் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மண்ணில் விளைந்தது. எனினும் ஐம்பது வயது கடந்த பின்னரே நான் அதனைத் திறந்தேன்.

மலாய்மொழி எனக்குப் புதிதன்று. சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை என நாள்தோறும் அம்மொழியில் எழுதுகின்றேன். ஆனால் அம்மொழியில் ஓர் ஏழை தன் வயலோடு பேசுவதை நான் கேட்டதில்லை. கதை எளிது. லாஹுமா என்னும் உழவனும் அவன் மனைவி ஜேஹாவும் ஏழு பெண்மக்களுடன் வாழ்கின்றனர். நெல் ஒன்றே வாழ்வு. வயலில் லாஹுமாவின் காலில் முள் தைக்கின்றது. கால் வீங்குகின்றது, வீக்கம் உடலெங்கும் பரவுகின்றது, அவன் இறக்கின்றான். உழவின் சுமை முழுதும் ஜேஹாவின் தோள்மேல் விழுகின்றது. வெள்ளமும் நண்டும் பறவைக் கூட்டமும் பயிரைத் தாக்குகின்றன. அவள் சித்தம் கலங்குகின்றாள். எஞ்சிய பயிரைக் காப்பவர் அச்சிறுமியரே.

ஷானோன் அகமதுவின் நடை சில சொற்களையே திரும்பத் திரும்பக் கூறிச் செல்கின்றது. முதலில் இது எனக்கு அலுப்பூட்டியது. மாணவன் கட்டுரையாயின் 'கூறியது கூறல்' என்று சிவப்பு மையால் குறித்திருப்பேன். நூலின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் அது நாற்று நடும் கையின் நடை என்பதை உணர்ந்தேன். குனிதல், ஊன்றல், நகர்தல், மீண்டும் குனிதல். வேலையின் அசைவு மொழியின் அசைவாக மாறியிருக்கின்றது. நாவலின் உத்தி என்று நாம் வகுப்பில் கூறும் சொல்லுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கு என் தொழில் பழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். நம் பாடக் குறிப்பில் 'பண்புக்கூறு' என்றொரு கட்டம் உண்டு. பாடம் எதுவாயினும் அதனால் மாணவர் பெறும் நற்பண்பு யாது என்று அதில் எழுதுவோம். பயிற்சிக் கல்லூரி நாள்முதல் ஆயிரக்கணக்கான முறை அக்கட்டத்தை நிரப்பியிருக்கின்றேன். நாவலைப் படித்து முடித்ததும் என் மனம் தானாகவே அக்கட்டத்தைத் தேடிற்று. விடாமுயற்சி என்று எழுதலாமா? அக்குடும்பம் விடாது முயன்றது, முயன்றே அழிந்தது. இறைநம்பிக்கை என்று எழுதலாமா? லாஹுமாவுக்கு அது நிரம்ப இருந்தது. முள் அதனைக் கேட்டுத் தைக்கவில்லை. ஒற்றுமை என்று எழுதலாமா? ஊரார் உதவினர், உதவி போதவில்லை. எதை எழுதினும் அது பொய்யாகவே தோன்றிற்று. பிங்கோத் தாளில் கட்டம் நிரம்பிவிட்டது. என் மனத்திலிருந்த கட்டம் நிரம்பவில்லை. முப்பது ஆண்டுகளாக நான் நாவல்களைப் படித்தது அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகவே என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தமிழ்ப்பள்ளியை விட்டுச் சென்ற சிறுவன்

பிள்ளை ஒருவர் தம் வாழ்வைத் தாமே கூறும் நாவலாக நான் எடுத்தது கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்'. 1942-இல் கெடாவின் பீடோங்கில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, 2020-இல் மறைந்தவர் மணியம். அவருடைய முதல் நாவலாகிய இது 1981-இல் வெளிவந்தது.

கதையைக் கூறும் ரவி, மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய அவன் படிப்பு ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகின்றது. அங்கு ஆசிரியை காட்டும் புத்தக உலகம் அவனை ஈர்க்கின்றது. பின்னர் ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்கின்றான், திரும்பி வருகின்றான். அவன் உயர உயரத் தந்தைக்கும் அவனுக்கும் இடையே பேச்சு அருகுகின்றது. இந்தியாவிலிருந்து வந்த பாட்டி பெரியாத்தாள் இம்மண்ணில் தனக்கென ஒரு துண்டு நிலம் வேண்டினாள், கிடைக்கவில்லை. தந்தையும் அதனையே வேண்டுகின்றார். தமக்குரியதல்லாத நிலத்தில் வீடு கட்டத் தொடங்கி, அவ்வெறியிலேயே தம்மை இழந்து, தீக்கு இரையாகின்றார்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் இந்நூலை மகிழ்ச்சியுடன் படிக்க இயலாது. நம்மை விட்டுச் சென்ற பிள்ளையின் குரல் இது. நம் வகுப்பறை அவன் நினைவில் சிறு இடத்தையே பெறுகின்றது. முதல் முறை படித்தபோது இதன்மேல் எனக்குச் சினமே எழுந்தது. சினம் தணிந்தபின் ஒன்று புலப்பட்டது. ரவி தன் வெற்றியைக் கொண்டாடவில்லை. தந்தை கட்டும் வீட்டின் பொருள் தனக்கு விளங்கவில்லை என்பதே அவன் கூறும் கதையின் அடிக்குரல். தான் பெற்ற மொழியால் தந்தையை எட்ட முடியாத மகன் அவன். அதனை அவன் அம்மொழியிலேயே கூறுகின்றான்.

இந்நூல் எனக்கு ஒரு மாணவியை நினைவூட்டியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற ஒரு பெண், விடுமுறைதோறும் என் இல்லத்திற்கு வந்து நூல் வாங்கிச் செல்வாள். ஒருமுறை அவள் கையில் ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. "ஐயா, இதைப் படித்துப் பாருங்கள், நம்மைப் போன்றவர்களின் கதை" என்றாள். நான் அதனைக் கையில் வாங்கவே இல்லை. "முதலில் தமிழில் படிக்க வேண்டியதைப் படித்து முடி அம்மா" என்று கூறி 'அகல் விளக்கு' ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரு வாரங்களில் நூலைத் திருப்பிக் கொடுத்து, நன்றி கூறிச் சென்றாள். அதன் பிறகு அவள் நூல் வாங்க வரவில்லை. அவள் வைத்திருந்த நூல் எது என்பதை அன்று நான் கேட்கவுமில்லை. தமிழைக் காத்ததாக அன்று எண்ணினேன். ஒரு வாசகியை இழந்தேன் என்று இன்று எண்ணுகின்றேன்.

ஷானோன் அகமதுவின் நாவலையும் மணியத்தின் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தது தற்செயல். தாளின் அமைப்பால் நேர்ந்தது. ஆனால் அத்தற்செயல் எனக்குத் திறனாய்வுக் கல்வி ஆயிற்று. சீக், பீடோங் ஆகிய இரண்டும் ஒரே மாநிலத்தின் ஊர்கள். ஒரு கதையில் நிலமுடையவனை நிலம் விழுங்குகின்றது. மறு கதையில் நிலமில்லாதவனை நிலவேட்கை விழுங்குகின்றது. மலாய் நாவல் தனி, ஆங்கில நாவல் தனி, தமிழ் நாவல் தனி என்று வெவ்வேறு அலமாரியில் வைத்துப் படித்திருப்பின் இவ்வொப்புமை எனக்குத் தோன்றியிராது. மொழிவாரிப் பிரிவு நூலகத்திற்குத் தேவையாகலாம்; வாசகனுக்கு அது வேலியாகிவிடக் கூடாது.

கைவிட்ட நூல்

ஐந்தாவது கட்டத்திற்கு நூல் தேட வேண்டியிருக்கவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பயிற்சிக் கல்லூரி நாளில் தொடங்கிக் கைவிட்டேன். 1972-இல் நூலாக வெளிவந்த அந்நாவல் நம் கடல் சூழ்ந்த பகுதியின் கதை. இளமையில் சிங்கம்புணரியிலிருந்து சுமத்திராவின் மேடான் நகருக்கு வந்து வாழ்ந்தவர் சிங்காரம். 1942-இல் ஜப்பானியப் படை மேடானில் நுழைவது முதல், பினாங்கு நோக்கிய கடற்பயணம், இந்திய தேசிய இராணுவம், இந்தோனேசிய விடுதலைப் போர் எனக் கதை விரிகின்றது. வட்டிக்கடையின் பெட்டியடியிலிருந்து படைமுகாமுக்குச் செல்லும் பாண்டியன் அதன் தலைவன். அவன் வாழ்வு சுமத்திரா மண்ணிலேயே முடிகின்றது.

நான் கைவிட்டமைக்கு இரு காரணங்கள் இருந்தன. ஒன்று மொழி. தமிழோடு மலாயும் பிறமொழிச் சொற்களும் கலந்து ஓடும் நடை, தூய தமிழில் பற்றுக்கொண்ட இளைஞனாகிய எனக்குக் கசந்தது. மற்றொன்று எள்ளல். பழந்தமிழ்ப் பெருமையையும் புலவர் நடையையும் பாண்டியனும் அவன் நண்பரும் நகையாடுமிடத்தில் நூலை மூடி வைத்தேன்.

இப்போது அவ்விரண்டும் வேறு வகையில் தோன்றின. துறைமுக நகரில் பல இனத்தாரோடு வாணிகம் செய்த தமிழர் வேறு எம்மொழியில் பேசியிருப்பர்? நாமும் நாள்தோறும் பாசாருக்குப் போகின்றோம்; கம்போங்கில் நண்பரைப் பார்க்கின்றோம். மாணவருக்குக் கட்டுரை எழுதப் பயிற்றுங்கால் நல்ல தமிழை வற்புறுத்துவது நம் கடமை. அக்கடமையில் நான் தளரவில்லை. ஆனால் கட்டுரைக்குரிய இலக்கணத்தைக் கதைமாந்தரின் வாய்மேல் சுமத்துவது திறனாய்வு ஆகாது. எள்ளலைப் பற்றியும் அவ்வாறே கருதுகின்றேன். இலக்கியத்தை ஆழக் கற்றவரே அவ்வாறு நகையாட இயலும். சொல்லளவில் நின்றுவிட்ட பெருமையைக் கண்டு நொந்தவரின் நகைப்பு அது. அம்மையப்ப பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிராவிடின், பாண்டியனின் நகைப்பை நான் இம்முறையும் பொறுத்திருக்க மாட்டேன்.

குறைகளும் இந்நூலில் உண்டு. பெண்கள் பெரும்பாலும் ஆடவர் பார்வைக்குரிய பொருளாகவே வந்து போகின்றனர். பாண்டியனின் வீரச்செயல்கள் சிலவிடத்தில் சாகசக் கதையின் எல்லையைத் தொடுகின்றன. தொடக்கப்பள்ளி மாணவருக்கு உரிய நூலும் இஃதன்று. ஆயினும் போரும் கடலும் வேற்று மண்ணும் ஒரு தமிழ் இளைஞனின் மனத்தை எவ்வாறு உலுக்கின என்பதை இத்தனை விரிவாகக் காட்டிய பிறிதொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. இதனை ஒதுக்கிவிட்டு நம் வட்டாரத் தமிழரின் வாழ்வைப் பற்றி மாணவரிடம் பேசிவந்தேன் என்பதே என் வருத்தம்.

மீண்டும் அகல் விளக்கு

ஐந்து கட்டங்களிலும் குறி விழுந்துவிட்டது. இளம் ஆசிரியை கைகுலுக்கி, எளிய பரிசொன்றும் தந்தார். ஆனால் நடுக்கட்டம் என்னை உறுத்திற்று. அந்நூலை அவ்வாண்டில் நான் படிக்கவில்லை அன்றோ! பரிசைப் பெற்ற அன்றிரவே 'அகல் விளக்கை' எடுத்தேன்.

1958-இல் வெளிவந்து 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. அறிவும் அழகும் மிக்க சந்திரன், நடுத்தர ஆற்றலுடைய வேலய்யன் என்னும் இரு நண்பரின் வாழ்வை வேலய்யனே கூறுகின்றான். சுடர்விட்டு எரிந்தவன் நெறி தவறி அழிகின்றான். அகல் விளக்குப்போல் அடங்கி எரிந்தவன் நிலைக்கின்றான். இக்கருத்தை எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்!

இம்முறை படித்தபோது இரண்டு உண்மைகள் தோன்றின. முதலாவது, கருத்துரைகள் என் நினைவிலிருந்ததைவிட மிகுதி. மாந்தர் பேசவேண்டிய இடங்களில் ஆசிரியரின் அறிவுரை நுழைந்துவிடுகின்றது. ராஜம் ஐயரின் பிற்பகுதிக்குக் கூறிய குறையை இங்கு மட்டும் மறைப்பது நேர்மையன்று. இரண்டாவது, அறிவுரைகளுக்கு அடியில் நான் முன்பு காணாத ஒன்று இருந்தது. வேலய்யன் சந்திரனை மறக்க முடியாமல் தவிக்கின்றான். நெறியால் வென்றவன், வீழ்ந்த நண்பனையே வாழ்நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருக்கின்றான். நிலைத்து எரியும் விளக்கு, அணைந்த விளக்கிற்காக ஏங்குகின்றது. 'ஒழுக்கம்' என்று பண்புக்கூறுக் கட்டத்தில் எழுதி முடித்த எனக்கு அவ்வேக்கம் ஒருமுறையும் கண்ணில் படவில்லை. மு.வ.வை நான் போற்றினேன்; ஆனால் முழுமையாகப் படிக்கவில்லை.

பிற நான்கு நூல்களும் என் விருப்பத்திற்கு மாறானவை. அவற்றைப் படித்த கண்ணே என் விருப்ப நூலைப் புதிதாகப் படிக்க உதவிற்று. நாம் விரும்பும் நூலை நன்கு அறிய, விரும்பாத நூல்களும் வேண்டும் என்பதே இவ்விளையாட்டால் நான் பெற்ற பயன்.

விளையாட்டின் எல்லை

இனி, இவ்விளையாட்டை நம் பள்ளிகளில் நடத்தலாமா என்னும் வினா எழும். எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கும் எளிய தாளொன்று தரப்பட்டது. ஒரு மாணவன் மூன்றே வாரங்களில் 25 கட்டங்களையும் நிரப்பிக்கொண்டு வந்தான். அவன் படித்த நூலொன்றைக் குறித்து, "அந்தப் பையன் ஏன் வீட்டை விட்டுப் போனான்?" என்று கேட்டேன். சற்று விழித்துவிட்டு, "கட்டம் நிறைந்துவிட்டது ஐயா" என்றான். அவனைக் கடிந்துகொள்ள என்னால் இயலவில்லை. படிக்காத நூலுக்குக் குறியிட்ட தலைமையாசிரியன் அவனுக்கு என்ன கூற முடியும்?

மற்றொரு மாணவி ஆண்டு முழுதும் நான்கு கட்டங்களையே நிரப்பினாள். ஒரு நூலையே மூன்று முறை படித்தாளாம். கணக்கில் அவள் கடைசி. ஆனால் அந்நூலைப் பற்றி அவள் பேசத் தொடங்கினால் இடைவேளை மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை.

ஆண்டும் மொழியும் பக்க எண்ணிக்கையும் நூலின் புறத்தே உள்ளவை. தாள் அவற்றையே அறியும். நூலின் தரத்தையோ, படித்தவன் மனத்தில் அது விட்டுச் சென்றதையோ அது அறியாது. ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்குச் சில கருத்துகளைப் பணிவுடன் கூறுகின்றேன். 25 கட்டங்கள் வேண்டா, ஐந்து போதும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஒரு வரி இடம் விடுவோம். நூல் கற்பித்த நீதியை அவ்வரியில் கேட்க வேண்டா; நூல் எழுப்பிய வினாவை எழுதச் சொல்வோம். ஒரே நூலை மீண்டும் படித்தவருக்கும் ஒரு குறி அளிப்போம். பிடிக்காத நூலைப் பாதியில் விட்டவர், ஏன் விட்டார் என்பதை எழுதினால் அதனையும் மதிப்போம். அவர் என்றேனும் அந்நூலுக்குத் திரும்பி வருதல் கூடும். நான் முப்பது ஆண்டு கழித்துத் திரும்பினேன்.

நீதி வேண்டா என்று நான் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டா. நம் இலக்கியம் அறத்தை உயிராகக் கொண்டது. அந்த அறம் கதையினுள் விளைந்ததா, கதையின்மேல் ஒட்டப்பட்டதா என்று பார்க்கும் கண் ஆசிரியனுக்கு வேண்டும். விளைந்த அறத்தை மாணவன் தானே கண்டுகொள்வான். நாம் அவசரப்பட்டு எடுத்துரைத்தால், அதனைக் காணும் மகிழ்ச்சியை அவனிடமிருந்து பறித்தவராவோம்.

இவ்வாண்டும் ஆசிரியர் அறையில் புதிய தாள் ஒட்டப்பட்டுள்ளது. இம்முறை எந்த வரிசை எளிது என்று நான் கணக்கிடவில்லை. ஒரு கட்டத்தில் 'மாணவர் ஒருவர் பரிந்துரைத்த நூல்' என்று எழுதியிருக்கக் கண்டு அவ்வரிசையை எடுத்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நீட்டப்பட்ட நூலை வாங்க மறுத்த கை இது. நாளைக் காலை, நான்கு கட்டங்களை நிரப்பிய அந்த மாணவியிடம் சென்று, அவள் மூன்று முறை படித்த நூல் எது என்று கேட்டு வாங்கிக்கொள்வதாக இருக்கின்றேன்.